மாமா எழுதிய சட்ட அபிப்பிராயம்

என் மாமனார் வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்பில் முடிக்குரிய வழக்கறிஞராக இருந்தவர். அரசாங்கத்துக்காக வாதாடுவதும், அரசாங்கம் கேட்ட விஷயங்களுக்குச் சட்ட அபிப்பிராயம் எழுதிக் கொடுப்பதும் அவருடைய வேலை. சுதந்திரம் வந்த பிறகும் அதே கதிரையில் இருந்து அதே வேலையைச் செய்தார். ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்து வீட்டில் இருந்தவர், எண்பதுகளின் நடுவில், மாமி காலமாகி, அங்கே ஷெல் விழத் தொடங்கியபோது, மூன்று கோட்டுகளோடும் ஒரு பெட்டி சட்டப் புத்தகங்களோடும் லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காலையில் டை கட்டாமல் மாடியிலிருந்து இறங்கமாட்டார். பாணும் சம்பலும் சாப்பிட எதற்கு டை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இரண்டு பக்கத்தில் பதில் எழுதித் தந்திருப்பார்.

அவருடைய விசா முடிய இரண்டு மாதம் இருந்தது. எங்களோடு நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மறுத்துவிட்டால் திரும்பிப் போகவேண்டியதுதான். அங்கே அவருக்குச் சோறு போடக்கூட ஒருவரும் மிச்சமில்லை.

"தோர்ண்டன் ஹீத்தில ஒரு சொலிசிட்டர் இருக்கிறார் மாமா. எங்கட ஆக்களின்ர கேஸெல்லாம் அவர்தான் பாக்கிறவர்," என்றேன்.

கூண்டில் நிற்கும் கோழித் திருடனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "சொலிசிட்டரோ? பிள்ளை, நான் கவர்னருக்கே சட்டம் சொன்னவன்."

என் கணவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். தகப்பனுக்கு முன்னால் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை.

மாமா மூன்று கிழமை இருந்து கையால் எழுதினார். நான் கவுன்சிலில் டைப்பிஸ்ட். ஆகவே தட்டச்சு என் தலையில் விழுந்தது. டைப்பிஸ்ட்டுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கண் எழுத்தைப் பார்க்கும், கை தட்டும், மூளை மட்டும் அடுப்படியில் பருப்போடு நிற்கும். இருபத்திரண்டு பந்திகளைப் பிழையில்லாமல் அடித்தேன். ஒன்றையும் வாசிக்கவில்லை.

தபாலில் போட்ட மறுநாளே விம்பிள்டன் கோயிலில் மாமா செய்தியைப் பரப்பிவிட்டார். "நானே எழுதி அனுப்பினனான்," என்று அவர் சொல்ல, பூசை முடிந்து அன்னதானத்துக்கு வரிசையில் நின்றவர்கள் தட்டோடு விலகி அவருக்கு வழி விட்டார்கள். பெற்றோல் ஸ்டேஷனில் வேலைசெய்யும் ஒருவர் தன் அகதி விண்ணப்பத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினார். அந்த மனிதருக்கு நல்ல காலம். அவர் ஃபைலோடு வருவதற்கு முன்பே எங்களுக்குப் பதில் வந்துவிட்டது.

மறுத்திருந்தார்கள். அரைப் பக்கக் கடிதம். விண்ணப்பதாரருக்குச் சொந்த நாட்டில் வீடும் ஓய்வூதியமும் உண்டென்றும், தங்குவதற்குக் கட்டாயமான காரணம் எதுவும் நிறுவப்படவில்லையென்றும், இதை விண்ணப்பதாரரே தமது பதினெட்டாம் பந்தியில் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்றும் எழுதியிருந்தது.

ஓடிப்போய்க் கார்பன் பிரதியை எடுத்தேன். அப்போதுதான் முதல்தரம் வாசித்தேன். அது விண்ணப்பமே அல்ல. தன்னுடைய கேஸைப் பற்றித் தானே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த சட்ட அபிப்பிராயம். முதலில் அவர் பக்கம், பிறகு அரசாங்கத்தின் பக்கம், கடைசியில் முடிவு. அரசாங்கம் வென்றிருந்தது.

பிரதியை அவர் முன்னால் போட்டேன். கோபம்தான். அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

"வீட்டுக் கூரை விழுந்ததை ஏன் மாமா எழுதேல்லை?"

"நான் கண்ணால காணேல்லையே. பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் போட்டவர். அது கேள்விச் சாட்சியம், செல்லாது."

"பென்ஷன் வாறேல்லை எண்டதை?"

"வராது எண்டு ஒருத்தரும் எழுத்தில தரேல்லை."

"உங்களுக்கு அங்க தனிய இருக்கப் பயம் எண்டதை?"

அவர் கையை நீட்டினார். கடிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஆற அமர வாசித்தார். "நல்லாய் எழுதியிருக்கிறான். ஒரு சொல்லுக் கூடக்குறைய இல்லை," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மனிதரை ஷெல்லடிக்குள் திருப்பி அனுப்புகிறார்கள், அவர் வாத்தியார்போல அவர்களுடைய நடைக்குப் புள்ளி போடுகிறார்.

"நீங்களும் இப்பிடி எழுதினனீங்களோ மாமா?"

"கன பேருக்கு. கூடுதலாய் வந்தது தேயிலைத் தோட்டத்துச் சனத்தின்ர மனு. குடியுரிமை கேட்டு. பிறப்புச் சேர்ட்டிபிக்கட் இல்லை, ஆதாரம் இல்லை, ஆனபடியால் நிறுவப்படேல்லை எண்டு எழுதிறது."

"அந்தச் சனம் உங்களிட்ட வந்து அழேல்லையோ?"

"ஆக்கள் வாறேல்லைப் பிள்ளை. கோப்புதான் வரும்."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொல்லத் தொடங்கினார். சொல்லி முடித்தபோது குரல் இறங்கியிருந்தது. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் டையைத் தளர்த்தினார். அவரை நான் அப்படிக் கண்டதேயில்லை. அதுவரை எனக்கு அவர்மேல் பயமும் எரிச்சலும்தான். அன்றைக்குப் பாவமாக இருந்தது.

நான் தோர்ண்டன் ஹீத் சொலிசிட்டருக்குப் போன் பண்ணினேன். மேல்முறையீடு செய்யலாம், எல்லாப் பத்திரங்களையும் கொண்டு வாருங்கள் என்றார். போனை வைத்ததும் மாமா கேட்டார்.

"அந்த அப்பீலில என்னைக் கூப்பிட்டுப் பாப்பினமோ, இல்லாட்டிக் கோப்போட முடிச்சுப்போடுவினமோ?"

"கூப்பிடுவினம் மாமா," என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அவரும் நம்பவில்லை.