ஒரு அடி பின்னால் வைத்தால் பேரன் வீடு

அடுத்தவர் புரோகிராமில் இருக்கும் தப்பைக் கண்டுபிடிக்க டீபக்கர் என்று ஒரு கருவி உண்டு. அந்தக் கருவியிலேயே இருக்கும் தப்பைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் கிடையாது, நான்தான் உண்டு.

கணினி முன்னால் உட்கார்ந்து முடி கொட்டிப்போன சகோதர சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, வரி வரியாக நகர்த்திப் பார்க்க டீபக்கர் உதவும். பெரும்பாலான டீபக்கர்கள் முன்னால் மட்டும் போகும். எங்களுடையது பின்னாலும் போகும். நடந்து முடிந்ததைத் திரும்பிப் போய்ப் பார்த்து, எங்கே கெட்டது என்று பிடிக்கலாம். திருவண்ணாமலையில் ஒரு பாத்திரக் கடை மாடியில் மூன்று பேர் சேர்ந்து இதைச் செய்கிறோம் என்றால் பெங்களூரில் யாரும் நம்புவதில்லை. கீழே பாத்திரக் கடையிலும் யாரும் நம்புவதில்லை. முதலாளி சாதிக் பாய். செய்து முடித்ததை உடைத்துப் பார்க்கிறவள் தேன்மொழி. உடைந்ததை ஒட்டுகிறவன், அருணாசலமாகிய நான்.

அதிகப்படி வாரிசுகள்

ராஜேஸ்வரி மேடம் பெங்களூரில் இருந்துகொண்டு குடும்பங்களுக்கு வம்சாவளி போட்டுத் தரும் புரோகிராம் எழுதுகிறவர். எங்கள் டீபக்கரை நம்பி வாங்கிய முதல் வெளியூர்க்காரர். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விவசாயம் பார்க்கும் ஒரு பெரியவரின் வம்சம் மொத்தமும் ஒன்றுகூடும் விழாவுக்காக மேடம் கணக்குப் போட்டார். வீட்டார் விரல்விட்டு எண்ணியதை விட நாலு வாரிசு அதிகமாக வந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று யாரோ படித்த பேரன் சொல்லித் தொலைக்க, "அந்த நாலும் எவ பெத்தது?" என்று பெரியவரின் மனைவி கேட்க, அன்றோடு பெரியவருக்குக் காபி நின்றுவிட்டது.

மேடம் தப்பைத் தேடி எங்கள் டீபக்கரில் பின்னால் போனார். அவர் எழுதியது தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் ஃபங்ஷன், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டு. தாத்தாவின் வாரிசுகளை எண்ண வேண்டுமானால் முதலில் பிள்ளைகளின் வாரிசுகளை எண்ண வேண்டும்; அதற்கும் அதே ஃபங்ஷன்தான், பேரனுக்கும் அதேதான். தாத்தாவின் கணக்கில் ஒரு வரி பின்னால் போனால், நடுவில் இருக்கும் பிள்ளை குட்டிகளை எல்லாம் ஒரே தாண்டாகத் தாண்டி, தாத்தாவின் முந்தைய வரியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. போனில் மேடம் போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டது: "என்னங்க கருவி இது? தாத்தா வீட்டு வாசல்ல நின்னு ஒரே ஒரு அடி பின்னாடி வெச்சா, பேரன் வீட்டு சமையக்கட்டுல போய் விழுறேன்!"

எந்த அருணாசலம்?

இந்த அம்மாள் போய்விட்டால் பெங்களூர் மொத்தமும் போய்விடும், நாமும் கீழே இறங்கிப் பாத்திரம் விற்க வேண்டியதுதான் என்று சாதிக் பாய் சொல்லிவிட்டார். காலை முழுக்கத் தேடி இடத்தைப் பிடித்தேன். பின்னால் போகும்போது, ஃபங்ஷனின் தலைவாசலில் டீபக்கர் ஒரு கொடியை நட்டுவைக்கும். அந்தக் கொடி வந்ததும் நின்றுவிடும். ஆனால் தாத்தா, மகன், பேரன் எல்லோருக்கும் அதே தலைவாசல்தான். பின்னாலிருந்து வருவதால் கடைசிப் பேரன்தான் முதலில் கொடியைத் தொடுவான். அவனையே தாத்தா என்று நினைத்து எங்கள் கருவி சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தது.

காரணம் கிடைத்த குஷியில் பிரியாணி வரவழைத்தேன். வரவேயில்லை. பசியோடு கீழே இறங்கினால், பாத்திரக் கடைக்காரர் என் பிரியாணி முட்டையைக் கடைசி வாய்க்குப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவர் பெயரும் அருணாசலம். இந்த ஊரில் தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பாதி பஸ் காலியாகும். "வீட்டுல இருந்து குடுத்தனுப்பிச்சாங்கன்னு நெனச்சேன் தம்பி, காரம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். மேலே வந்து நான் புலம்ப, தேன்மொழி சிரித்துச் சிரித்து நாற்காலியில் இருந்து சரிந்தே போனாள். "அண்ணா, உங்க டீபக்கரும் இதத்தானே பண்ணுது? பேரு ஒத்துப்போனா போதும்னு நின்னுடுது. எந்த அருணாசலம், எத்தனாவது மாடின்னு ஒரு வார்த்த கேக்கச் சொல்லுங்க!"

ஆதிக்கும் அப்பால்

கேட்கச் சொன்னேன். கொடி வந்ததும் நிற்காதே, யார் கூப்பிட்டு எத்தனாவது ஆழத்தில், அதாவது எத்தனாவது தலைமுறையில் இருக்கிறாய் என்று பார், நாம் கிளம்பிய அதே ஆழமாக இருந்தால் மட்டும் நில். எழுதி முடித்ததும், மற்ற இரண்டு பேரும் பின்னால் நிற்க, பட்டனை அழுத்தினேன். அது பேரனைத் தாண்டியது, மகனைத் தாண்டியது. சாதிக் பாய் கை தட்டினார். அது தாத்தாவையும் தாண்டியது. அவர் தட்டிய கை அப்படியே நின்றது. புரோகிராமின் முதல் வரிக்குப் போய், இதற்கு மேல் போக இடமில்லை என்று முட்டிக்கொண்டு நின்றது.

விஷயம் இதுதான். ஃபங்ஷன் தலைவாசலில் கால் வைக்கும் அந்த நொடியில் ஆழத்தைச் சொல்லும் அடையாளம் இன்னும் உருவாகியே இருக்காது. நான் சரியான கேள்வியை ஒரு நொடி தப்பிக் கேட்டிருக்கிறேன்; யாருமே பதில் சொல்லவில்லை. கேள்வியைச் சரியான இடத்துக்கு நகர்த்த வேண்டும். நான் தலையில் கை வைக்க, தேன்மொழி திரையை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "சூப்பர்ண்ணா, பெரியவர் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டோம். இப்ப அவர் மேல எந்தக் கேசும் நிக்காது!"

எதிர்த்திசை

அந்தக் கேள்வியைத் தலைவாசலுக்கு அடுத்த வரிக்கு நகர்த்தித் திருத்திய டீபக்கரை நேரிலேயே வாங்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் விழாவுக்குப் போவதாக மேடம் கிளம்பி வந்தார். வந்த நாள் பௌர்ணமி. செங்கம் சாலையில் ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் போகும் பக்கம்தான் ஊர் இருக்கும் என்று மேடமும் சேர்ந்து நடந்திருக்கிறார். கூட்டமோ கிரிவலம் போய்க்கொண்டிருந்தது. மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலையில் இருந்து போன் வந்தது: "ஏங்க, உங்க ஆபீசுக்கு இன்னும் எத்தன லிங்கத்தத் தாண்டணும்?"

வண்டி போகாது. லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, வருகிற ஜனத்துக்கெல்லாம் எதிர்த்திசையில் நடந்தேன். "மலைய எடமா சுத்தறியே, அறிவில்ல?" என்று வழி நெடுகத் திட்டு. விபூதியும் வியர்வையுமாக மேடம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பைப் பிடுங்கி, தாத்தாவிடம் நிறுத்தி, ஒரு வரி பின்னால் அழுத்தினார். தாத்தாவின் முந்தைய வரியில், அசையாமல், ஐயனார் மாதிரி நின்றது. இன்னொரு தடவை. அங்கேயேதான். நான் டீக்கடைக்காரரைக் கட்டிப் பிடித்துவிட்டேன்; அவர் கையில் இருந்த பாலைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அடுத்த டீ ஆறுவதற்குள் மேடம் தன் தப்பைப் பிடித்துவிட்டார். பெரியவரின் கடைசி மகன் தன் அக்கா மகளையே கட்டியிருக்கிறார். அவர்களுடைய நாலு பிள்ளைகளையும் அப்பா வழியில் ஒரு தடவை, அம்மா வழியில் ஒரு தடவை என்று புரோகிராம் இரண்டு முறை எண்ணியிருக்கிறது. மேடம் அங்கேயே பெரியவருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பெரியவர் குரல்: "எம்மா, எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? இரு, அவகிட்ட போனக் குடுக்கறேன். சத்தமா சொல்லு!"

நாலு சட்டை

மறுநாள் விழாவுக்கு மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சாட்சிக்காம். பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி எங்களை உள்ளே கூப்பிட்டு, ஒரு துணிக்கடைப் பையை எடுத்து முன்னால் வைத்தார். உள்ளே நாலு புதுச் சட்டை. யாருக்கு என்று மேடம் கேட்டார்.

அந்த அம்மாள் பையைத் தடவியபடி, ஏமாந்துபோன குரலில் சொன்னார்: "அந்த நாலு பேருக்குத்தான் எடுத்தேன். எவ பெத்தா என்ன, புள்ளைங்க வந்து நின்னா வெறுங்கையோடவா அனுப்பறது? இப்ப அப்படி யாருமே இல்லன்றீங்களே!" சொல்லிவிட்டு, அதில் ஒரு சட்டையை எடுத்து என் கையில் திணித்தார்.

ஆக, ஒரே ஒரு நிபந்தனையைச் சரியான இடத்துக்கு நகர்த்தி வைத்ததற்கு எங்கள் தொழிலில் கிடைக்கக்கூடிய உச்சபட்ச மரியாதை, யாரோ பிறக்காத பேரனுக்கு எடுத்த, வயிற்றுப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிற ஊதாச் சட்டைதான்.