வெட்டிப் போட்ட இணைச்சீர்

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறவனிடம் கல்யாண வீடியோவை ஒப்படைக்கக் கூடாது. துணியோ படமோ, எதைப் பார்த்தாலும் எங்கே வெட்டலாம் என்றுதான் எங்கள் கை பரபரக்கும்.

குன்னத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் என் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. ஷிப்மெண்ட் அவசரம் என்று நான் போகவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் போன் செய்தேன். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. "படுத்தே கெடக்கறேன் கண்ணு. உன்ற கல்யாண வீடியோவை நம்மூட்டு டிவியில ஓடற மாதிரி போட்டுக் குடேன்" என்றாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், என்னிடம் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

கேசட்டிலிருந்து மாற்றி வைத்த வீடியோ என்னிடம் பென்டிரைவில் இருந்தது. அக்கா வீட்டு டிவியோ பழசு, டிவிடி பிளேயரில் போட்டால்தான் படம் வரும். காலி டிவிடி கேட்டு நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடைக்காரர் தூசியைத் துடைத்துக் கொடுத்தபடி, "ஏனுங்ணா, இன்னுமா இதையெல்லாம் எழுதறீங்க?" என்று சிரித்தார்.

மகளின் பழைய லேப்டாப்பில் வீடியோவை அப்படியே டிஸ்க்கில் ஏற்றினேன். எங்கள் பிளேயரில் போட்டுப் பார்த்தால் டிஸ்க்கே இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. "உள்ளதான கெடக்குது! கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தினேன்.

"அதுகோட எதுக்குங்க சண்டைக்குப் போறீங்க? சும்மா காப்பி பண்ணுனா ஓடாது. டிவிடியா மாத்தித்தான் எழுதோணும்" என்றாள் மனைவி. தெரிந்தவள் முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன!

மாற்றுவதற்கு ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. ஆனால் வீடியோ மூன்று மணி நேரம். ஒரு டிஸ்க்கில் இரண்டு மணி நேரம்தான் தெளிவாக நிற்கும் என்றார்கள். இன்னொரு டிஸ்க் வாங்கியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. கொடுத்த துணிக்குள் அடக்குவதுதானே முப்பது வருஷமாக என் பிழைப்பு! பந்தியை வெட்டினேன், மொய் வைக்க வந்த வரிசையை வெட்டினேன். வேகமாக ஓட்டியபோது ஓர் இடத்தில் ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு இருந்தார்கள், யாரென்றுகூடப் பார்க்காமல் அதையும் வெட்டினேன். கச்சிதமாக அடங்கியது. கம்பெனியில் இரண்டு பேரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் போட்டேன். படம் கண்ணாடி மாதிரி ஓடியது. அக்கா தலையணையில் சாய்ந்து இமைக்காமல் பார்த்தாள். தாலி கட்டி முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"இணைச்சீர் எங்க கண்ணு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவளை நிறுத்திச் செய்கிற சீர் அது. பெண்டாட்டி வந்தாலும் பிறந்தவள் உறவு அறாது என்பதற்காகச் செய்வது. நின்ற இடத்திலேயே நின்றவர்கள் என்று நான் வெட்டியது எங்கள் இரண்டு பேரைத்தான்.

வாய் சும்மா இருந்ததா? "வீடியோக்காரன் அதை எடுக்கலீங்க்கா" என்று புளுகிவிட்டேன்.

"எடுத்தானே... லைட்டு மூஞ்சில அடிச்சு எனக்குக் கண்ணே கூசுச்சே" என்றவள், திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் காப்பியைக் கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, சீரை மட்டும் தனி டிஸ்க்கில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வினாடி கூட வெட்டவில்லை. "நாந்தானுங்க்கா வெட்டிப் போட்டேன். அன்னிக்குச் சொன்னது பொய்" என்றேன். "போடு பாக்கலாம்" என்றாள்.

பட்டுச் சேலையில் அக்கா, பக்கத்தில் மாலையோடு நான். கூறைச் சேலையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். யாரோ சினேகிதன் கூப்பிட, நான் சேலையை விட்டுவிட்டுத் திரும்பிச் சிரிக்கிறேன். அக்கா குனிந்து முனையை எடுத்து என் விரல்களுக்குள் திணிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விடுகிறேன். மறுபடியும் குனிகிறாள். நான் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாரு, எத்தனை வாட்டி உட்டுட்டே!" அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வலி எப்படிங்க்கா இருக்குது?" என்று கேட்டேன். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதை நான் நேரில் கேட்டது அன்றைக்குத்தான்.