திருப்பூரில் ஒரு கடற்கரை

2008-ல் காலேஜ் முடித்த கையோடு திருப்பூர் வந்து, ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு இங்கிலீஷில் மெயில் போடும் வேலை. பழைய மெயிலைக் காப்பியடித்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவேன். செம கெத்து! போன் அடித்தால் மட்டும் பாத்ரூமுக்கு ஓடிவிடுவேன்.

ஒரு புதன்கிழமை மேனேஜர் பிடித்துவிட்டார்.

“ஏனுங்க தம்பி, மெயில்ல சிங்கமாட்ட உறுமறீங்க, போனைக் கண்டா எங்கீங்க ஓடறீங்க? திங்கக்கெழம பையர் நேர்லயே வர்றாருங்க. அவருகிட்டப் பேசலீன்னா, பேசாம பனியன் செக்கிங் டேபிளுக்குப் போயிருங்க.”

நல்லூர் ஏரியாவில் என் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு 3டி உலகம் இருக்கிறது, பொம்மை உருவத்தில் உள்ளே போய் இங்கிலீஷ் பேசிப் பழகலாம் என்று அங்கே சொன்னார்கள். அன்றைக்கே சேர்ந்தேன். எனக்கு ஜோடியாக வந்தது ஒரு பிரேசில் பெண். அவளும் கற்றுக்கொள்ள வந்தவள்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் பேசிய முதல் வாக்கியம்: “டியர் மேடம், ப்ளீஸ் நோட், ஐ ஆம் ஃபைன்.” விழுந்து விழுந்து சிரித்தாள். சனிக்கிழமை வரை இதே மெயில் பாஷைதான்.

ஞாயிறு மாலை அந்த 3டி உலகத்தில் எங்களுக்குப் பேசத் தந்த தலைப்பு: லீவுக்கு என்ன செய்தீர்கள்? அவள் தங்கை, டான்ஸ், மீன் வறுவல் என்று கொட்டித் தீர்த்தாள். நான்? துணி துவைத்தேன், தூங்கினேன். அதற்கு மேல் தமிழில் சொல்லக்கூட ஒன்றுமில்லை. இந்த ஊருக்கு வந்த எட்டு மாதத்தில் யாரோடும் சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ‘எனக்கு இங்கே யாருமில்லை’ என்று உளறிவிட்டேன்.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. “வா, கடலுக்குப் போகலாம்” என்றாள். அந்த உலகத்திலிருந்த கடற்கரையில் எங்கள் பொம்மைகள் இரண்டும் ஒரு மணி நேரம் நடந்தன. அவள் கேட்கக் கேட்க, தப்பும் தவறுமாக நான் பேசிக்கொண்டே போனேன்.

மறுநாள் பையர் கைகுலுக்கியதும் கேட்டார்: லீவு எப்படிப் போனது? “ஃப்ரெண்டோடு பீச்சுக்குப் போனேன்” என்றேன். மேனேஜர் என் காதோரம் சீறினார்: “யோவ், திருப்பூர்ல ஏதுய்யா கடலு?” அடேங்கப்பா, என்னிடம் முதல் முறையாக ‘ங்க’ போடாமல் பேசினார்! பையருக்கு முழுக் கதையையும் அதே ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார். என் சீட் தப்பியது.

சாயங்காலம் அவளிடம் சொல்ல ஓடினேன். அவள் வரவில்லை. அடுத்த நாளும், அடுத்த மாதமும். அவளுடைய நிஜப் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் ஏதாவது நல்லது நடந்தால், முதலில் அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.