படுத்த எருதுக்கு முதுகில் மூட்டை வந்த கதை

1. லிண்டா அன்ரி கை தட்டவில்லை

எருதுச் சிலையை மூடியிருந்த துணியை இழுத்ததும் லிண்டா அன்ரி கை தட்டுவார் என்று நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்றோம். அவர் தட்டவில்லை. எருதைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு அதன் முதுகைக் காட்டி, "உதென்ன?" என்று கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

பிள்ளைகளே, எனக்கு அமெரிக்க எல்லைக்கு வடக்கே, வெக்ஸ்போர்ட்டில் ஒரு ஃபைபர்கிளாஸ் பட்டறையில் வேலை. கடை வாசலில் நிற்கும் பெரிய டோனட், பல் வைத்தியர் வாசலில் நிற்கும் பெரிய பல், எல்லாம் நாங்கள் செய்வதுதான். முதலாளி சிவம் அண்ணை. ஃபோமைச் செதுக்குவது நான். பெயின்ட் அடிப்பது மன்னார் அன்ரன்.

2. எழும்பாத எருது

சிலையைச் செய்யச் சொன்ன லிண்டா அன்ரியின் ஊர் அமெரிக்காவில், ஐயோவா மாநிலத்தில், சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. அந்த ஊர் உண்டான கதை இதுதான்.

முன்னொரு காலத்தில் சில குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் மேற்கே போய்க்கொண்டிருந்தன. ஓர் ஆற்றங்கரையில் ஓர் எருது படுத்துவிட்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், பாட்டும் பாடினார்கள். எழும்பவில்லை. சரி, எழும்பும் வரை இருப்போம் என்று கூடாரம் போட்டார்கள். பசித்தபடியால் சோளம் விதைத்தார்கள். குளிர் வந்தபடியால் வீடு கட்டினார்கள். எருது எழும்பிப் பார்த்தபோது அங்கே ஒரு தபால் கந்தோரே வந்துவிட்டதாம்.

பிறகு ரயில் வந்தது, ரயில் போனது. பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். அங்கே உள்ளவர்கள், "உங்கட ஊரில என்னதான் இருக்கு?" என்று பகிடி பண்ணுகிறார்களாம். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தச் சிலை. சனிக்கிழமை ஊர்வலத்தில் எருதுதான் முன்னால் போக வேண்டும். லிண்டா அன்ரி சிலையைப் பார்க்க வந்ததோ வியாழக்கிழமை.

அந்த எருதுக்குப் படம் இல்லை. கதையை மட்டும் அனுப்பியிருந்தார்கள். "எருதுதானே, எங்களுக்குத் தெரியாததோ!" என்றார் சிவம் அண்ணை. கிறிஸ்மஸுக்கு அன்ரன் வீட்டில் வைக்கும் நத்தார்க் குடிலுக்கு மன்னாரிலிருந்து வந்த மண் எருது ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் செதுக்கினேன். நல்ல உயரமான திமில். எங்கள் மூன்று பேருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

3. வெட்டினால் ஏறாது

"திமில்," என்றார் சிவம் அண்ணை பெருமையாக.

"எங்கட எருதுக்கு முதுகு நேரா இருக்கும். உதோட போனா, 'உங்கட ஊரைத் தொடக்கினது ஒட்டகமோ' எண்டு கேப்பினம். கயிறு பிடிச்சு வாறதுக்கு என்ர பேத்தி ஒரு மாசமா நடந்து பழகுறாள்." லிண்டா அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்ரன் வெட்டுகிற கிரைண்டரைத் தூக்கினான். "ஒரே வெட்டு, அண்ணை!"

"டேய் விசரா! கிரேன் கொக்கி மாட்டுற கம்பி அதுக்குள்ளதான் நிக்குது. வெட்டினா இந்த எருதும் எழும்பாது!" என்று கத்தினார் சிவம் அண்ணை.

நான் மெல்லக் கேட்டேன். "அன்ரி, அந்த எருது ஏன் படுத்தது?"

"ஆருக்குத் தெரியும்? ஒரு சேர்ச் ஆக்கள் கடவுளின்ர சித்தம் எண்டினம். மற்ற சேர்ச் ஆக்கள் பஞ்சி பிடிச்ச சோம்பேறி மாடு எண்டினம். அந்தச் சண்டையாலதான் ரெண்டு சேர்ச்."

"பாரம் கூடினா எந்த மாடும் படுக்கும். உதை ஒரு மா மூட்டை எண்டு வைப்பமே?"

"எங்கட கதையில மூட்டை இல்லையே."

"இல்லையெண்டும் கதையில இல்லைத்தானே," என்றார் சிவம் அண்ணை.

லிண்டா அன்ரி எருதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "செய்யுங்கோ, செய்யுங்கோ!"

சாக்குத் துணியை ரெசின் பசையில் தோய்த்துத் திமிலின் மேல் போர்த்தினோம். கயிறு சுற்றி இறுக்கினோம். அன்ரன் தையல்கூட வரைந்தான். மறுநாள் காலை எருது மூட்டையோடு ட்ரெய்லரில் ஏறியது.

4. தாத்தா சொன்னவர்

ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ வந்தது. பேத்தி கயிறு பிடித்தபடி முன்னால் வருகிறாள். எருதுக்குப் பின்னால் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் முதுகில் தலையணை கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து நடக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் தலையணை கேட்டு ஒருவரோடொருவர் அடிபடுகிறார்கள். கடைசியில் சக்கர நாற்காலியில் ஒரு கிழவர். அவரிடம் மூட்டையைப் பற்றிக் கேட்கிறார்கள்.

"மூட்டையோ? ஓம், ஓம். என்ர தாத்தா அடிக்கடி சொன்னவர். அது சோள மா."

சிவம் அண்ணை அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "நாங்கள் போர்த்தது சாக்கு மட்டும்தானே. உள்ளுக்குள்ள என்ன மா எண்டு உந்த மனுசனுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

பிள்ளைகளே, பழைய கதை சொல்கிறவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் மூட்டையை அவிழ்த்தும் பாருங்கள். யாருக்காவது ஒன்று செய்து கொடுப்பதென்றால், அது அவர்களுடைய இடத்தில் எப்படி இருக்கும் என்று முதலில் விசாரியுங்கள்.

போன கிழமை ஸ்ரௌவ்வில் என்ற பக்கத்து ஊரில் இருந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் பெரிய கோழி ஒன்று செய்யச் சொல்லி வந்தார். நான் படம் கேட்டேன். "கோழிதானே, அண்ணை!" என்று சிரித்தார். படம் கைக்கு வரும்வரை நான் கத்தியைத் தொடவில்லை.