அப்பா வைத்திருந்த கேள்வி

எங்கள் அக்காவுக்கு வீட்டில் 'வாய்தா' என்று பெயர். சின்ன வயதிலிருந்தே எந்த வேலையைச் சொன்னாலும் 'அப்புறம்' என்பாள். பெயர் வைத்தது அப்பா. வாய்தா என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும். தகடு வெட்டும் இயந்திரத்தில் வலது கை விரல்களைக் கொடுத்துவிட்டு, நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவர் அவர். நீ ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் ஆளே இல்லை என்று கம்பெனி கைவிரித்தது. கோர்ட்டும் அதையே சொல்லி அனுப்பிவிட்டது.

அந்தக் கோபத்தில்தான் அக்கா சட்டம் படித்தாள். அரசுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்பதையே தலைப்பாக எடுத்துக்கொண்டாள். ஆய்வாளர் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மேலே யாராவது நடந்தால் சுண்ணாம்பு உதிரும். தீர்ப்புத் தொகுதிகளைப் பழைய துப்பட்டாவால் மூடிவைத்திருப்பாள். காலையில் ஒரு வக்கீலிடம் ஜூனியர், மதியத்துக்கு மேல் அந்தப் பொந்து. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களெல்லாம் வாய் வலித்து விட்டுவிட்டார்கள்.

கடைசியில் நடக்கும் வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"நானும் கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்கப்பா. நான் பதில் சொல்லியே ஆகணும்."

"அப்போ எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அங்க வந்து கேக்குறேன்."

என்ன கேள்வி என்று நாங்கள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தோம். இப்போதே சொன்னால் பதிலைத் தயார் செய்துகொள்வாள் என்று சிரித்தாரே தவிர, சொல்லவில்லை.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது, இதே விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தத் தீர்ப்பைச் சேர்க்காமல் ஆய்வேட்டைக் கொடுக்க மாட்டேன் என்று அக்கா நின்றுவிட்டாள். இன்ன தேதி வரைக்குமான சட்டம் என்று முன்னுரையில் ஒரு வரி போட்டுக் கொடு, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று வழிகாட்டிப் பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். சட்ட ஆய்வாளர்களுக்கென்றே உள்ள வியாதி இது. நாளை வரப்போகும் தீர்ப்புக்குப் பயந்து இன்று எழுதியதை முடிக்கவே மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவுக்கு அதற்குள் மூச்சிரைப்பு முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தும் அவர் அவளிடம் கேட்டது, தேர்வு எப்போது என்பதுதான். தீர்ப்பு வந்ததும் என்றாள்.

"சரி, வாய்தா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கேள்வியை இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால், அவர் பிழைக்க மாட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அந்த வாரமே போய்விட்டார்.

தீர்ப்பு பிறகு வந்தது. இதை இன்னும் பெரிய அமர்வுதான் முடிவுசெய்ய வேண்டுமாம். அவ்வளவுதான், மறுபடியும் வாய்தா. அக்கா அதைப் படித்துவிட்டு அழக்கூட இல்லை. முன்னுரையில் ஒரு தேதியைப் போட்டு ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.

வாய்மொழித் தேர்வுக்கு அம்மாவும் நானும் போனோம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட எதற்கும் அவள் தடுமாறவில்லை. பிறகு துறைத்தலைவர் கூட்டத்தைப் பார்த்து, யாருக்காவது கேள்வி உண்டா என்றார். எல்லாரும் டீக்கு எழத் தயாராக இருந்தார்கள். அக்கா மட்டும் அம்மாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள். எதையாவது கேட்டுத் தொலைக்கலாம் என்று எழப் பார்த்தேன். அதற்குள் கேள்வி இல்லை என்று சொல்லிப் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்கள், கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் அக்கா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"உங்கிட்டயாவது சொன்னாராம்மா?"

அம்மா இல்லையென்று தலையசைத்தாள்.

"நானும் கேட்டேன்டி. அவ பதில் சொல்றப்போ நீயும் பக்கத்துலதானே இருக்கப்போற, அப்போ தெரிஞ்சுக்கோன்னாரு."