கையைப் பிடித்து இழுத்தது ஆர்?

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், சண்டைக் காலத்தில் சுடலைக்குப் பக்கத்திலேயே பங்கர் வெட்டி மாதக்கணக்கில் படுத்திருக்கிறேன், ஒன்றையும் கண்டதில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை.

இரண்டாயிரங்களில், நாடு விட்டு வந்து சேர்ந்த மிச்சம் (Mitcham) என்கிற வெள்ளைக்கார ஊரில், எங்கள் தெருவுக்கு முதன்முதல் குடிவந்த தமிழர் நாங்கள்தான். நான், மனைவி சுமதி, இரண்டு வயது மகள். பக்கத்து வீட்டாரோடு தலையாட்டுகிற பழக்கம்கூட வரவில்லை, அதற்குள் அந்தப் பெரும்பனி கொட்டியது. பஸ் நின்றுவிட்டது, கடைக்குப் போக வழியில்லை, அந்த நேரம் பார்த்து வீட்டைச் சூடாக்குகிற பொய்லரும் பழுதாகி, திருத்துகிறவர் பனி கரையாமல் வர ஏலாது என்றுவிட்டார். மூன்றாம் நாள் பிள்ளையின் உதடு நீலம்பாரிக்கத் தொடங்கியதும், வெளியில் இறைச்சி சுடுகிற கரியடுப்பை முன்னறைக்குள் கொண்டுவந்து மூட்டினேன். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கெல்லாம் குளிக்கிற துவாய்களை அடைத்தேன். அறை நல்ல சூடாகியது, மூன்று பேரும் அங்கேயே கண்ணயர்ந்துவிட்டோம். கரிப்புகை ஆளைக் கொல்லும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

மத்தியானம் கண் விழித்தபோது தலை வெடித்தது. பிள்ளையின் கழுத்து தொங்கிப்போய்க் கிடந்தது. சுமதியைத் தட்டினேன், அசையவில்லை. இரண்டு பேரையும் தூக்க எனக்குத் தெம்பில்லை. பிள்ளையை மட்டும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வெளியே வந்து பனிக்குள் விழுந்தேன். குளிர் பட்டதும் அவள் வீரிட்டு அழுதாள். திரும்ப உள்ளே போக எழும்பப் பார்த்தேன், கால் வரவில்லை. சுமதி செத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அவள் வாசலுக்கு வந்தாள். கண் மூடியபடி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, யாரோ இழுக்கிற மாதிரி முன்சாய்ந்து நடந்து வந்தாள். படி இறங்கியதும் கைகள் தொப்பென்று விழுந்தன.

"விடுங்கோ, கை நோகுது," என்றாள்.

நான் நாலு முழம் தள்ளிக் கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில், "நீங்கள் இழுக்காட்டி நான் அங்கயே போயிருப்பன்," என்று அழுதாள். ஓம் என்று மட்டும் சொன்னேன். இத்தனை வருடமாக அவளைத் திருத்தவில்லை.

போன மாதம் சாப்பிடும்போது மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னாள். "அப்பா ரெண்டு கையாலயும் என்னைப் பிடிச்சு இழுத்தவர், கை ஐஸ் மாதிரி."

மகள் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அப்ப என்னை ஆர் தூக்கினது?"

சுமதி என்னைப் பார்த்தாள். நான் எழும்பிப் போய்க் கை கழுவினேன். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுப்பதில்லை.