கடலிலிருந்து ஒரு படகுத் தூரம்

புதைத்த இடம் தெரியாதவரை ஒருவரின் சாவை நம்பாமல் இருக்கலாமா? கௌஸ் முகைதீனோடு இரண்டு குளிர்காலம் கடற்கரையில் அலைந்த சிவசங்கரனுக்கு இந்தக் கேள்விதான் மிஞ்சியது.

கௌஸ் பாய்க்குத் துபாய் கராமாவில் கைப்பேசிக் கடை. அதே கட்டடத்தின் மாடியில் சிவசங்கரன் குடும்பத்தோடு இருந்தார். சர்வே கம்பெனி ஒன்றில் வரைபட வேலை. பாயின் அண்ணன் முகம்மது ரிபாய் எழுபதுகளில் கள்ள லாஞ்சில் வந்தவர். கொர்ஃபக்கான் துறைமுகத்துக்கு வடக்கே, கரை எட்டும் முன்பே எல்லோரையும் கடலில் குதிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். ரிபாயை அலை கொண்டுவந்து போட்டது. கூட வந்தவர்கள் அவரை மணலில் அடக்கினார்கள். அங்கே கிடந்த உடைந்த நங்கூரத்தைத் தலைமாட்டில் புதைத்துவிட்டுக் கலைந்துபோனார்கள். அவர்களில் ஒருவரான செய்கு அலாவுதீன் கீழக்கரைக்குத் திரும்பிச் செய்தி சொன்னபோது, ரிபாயின் மனைவி ரஹீமா பீவி அழவில்லை. "எடத்தக் காட்டுங்க, நம்புறேன்" என்றார். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவும் இருக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் வண்ணச் சேலைதான்.

கௌஸ் பாயைப் பெரிய பாசக்காரர் என்று சொல்வதற்கில்லை. துபாய்க்கு வந்து இருபது வருஷம் அவர் எதையும் தேடவில்லை. சிவசங்கரன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தைப் பார்த்த அன்றுதான், "இதுல கொர்ஃபக்கான் வருமா சார்?" என்று கேட்டார்.

அலாவுதீனுக்குப் போன் போட்டார்கள். "ஓடை கடல்ல சேருற எடத்துக்கு வடக்கால. தண்ணிக்கும் குழிக்கும் நடுவுல ஒரு படகு கெடத்தலாம். அம்புட்டுத்தான் தூரம்" என்றார் அவர். படத்தில் ஓடை தெரிந்தது. அங்கிருந்து அளந்து ஒரு புள்ளி வைத்து, அதை ஜிபிஎஸ்ஸில் ஏற்றினார் சிவசங்கரன். மண்ணுக்குள் போன சர்வே ஆணிகளைத் தேடும் மெட்டல் டிடெக்டரை ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"புதையல் கெடச்சா எனக்கு ஒட்டியாணம். இல்லேன்னா வரும்போது ஒரு கட்டுக் கொத்தமல்லி" என்றாள் சிவசங்கரனின் மனைவி வசந்தகுமாரி.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொத்தமல்லிதான் வந்தது. புள்ளியைச் சுற்றி எங்கே வைத்தாலும் கருவி கத்தியது. தோண்டினால் கம்பித் துண்டு, ஆணி, தகரம். "என்ன சார், பூமியே இரும்பா இருக்கு?" என்று பாய் மணலில் உட்கார்ந்துவிடுவார். வெயில் ஏறியதும் திரும்புவார்கள்.

இரண்டாம் குளிர்காலத்தில்தான் சிவசங்கரனுக்கு உறைத்தது. படத்தில் கரை நேர்கோடாக இருந்தது. எந்தக் கடலும் அப்படிக் கோடு போடாது. அது கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்பிய கரை. இன்றைய கடலிலிருந்து அளந்துகொண்டிருந்தார்கள். ஆபீஸிலிருந்த பழைய சர்வே படத்தை எடுத்து ஒப்பிட்டார். அந்தக் காலத்துக் கடல் இப்போதைய ரோட்டருகே இருந்தது. அங்கிருந்து படகுத் தூரத்தில் புதிதாகப் புள்ளி வைத்தார். அது தண்ணீர் டேங்கர்கள் நிற்கும் பொட்டலில் விழுந்தது.

அங்கே போனார்கள். டேங்கர் கழுவிக்கொண்டிருந்த பாகிஸ்தான் பட்டாணி டிரைவர், "கியா டூண்ட்தா ஹை, பாய்?" என்று, என்ன தேடுகிறார்கள் எனக் கேட்டான்.

"பைப்பு" என்றார் கௌஸ் பாய்.

டீசல் சிந்திக் கறுத்த தரையில் ஓர் இடத்தில் மட்டும் கருவி நீளமாகக் கத்தியது, சுற்றிலும் சத்தமில்லை. சிவசங்கரன் மண்வெட்டியை எடுத்ததும் பாய் கையைப் பிடித்தார்.

"வேணாம். கபுரத் தோண்டக் கூடாது."

"நங்கூரத்த மட்டும் பாத்தா உறுதியாயிரும் பாய்."

"உறுதியாயி?"

பாய் கையேந்தி துஆ ஓதினார். டேங்கர் கழுவிய தண்ணீர் அவர் செருப்பைச் சுற்றி ஓடியது.

மாசியில் ரஹீமா பீவி விசிட் விசாவில் வந்தார். சிவசங்கரன் கார் ஓட்டினார். பொட்டலுக்குத் திரும்பும்படி ஜிபிஎஸ் அம்பு காட்டியது. அவர் வேகத்தைக் குறைத்தார்.

"நேரா விடுங்க சார்" என்றார் பாய்.

நிரப்பிய கரையின் விளிம்பில் வண்டி நின்றது. பாய் முன்னால் நடந்துபோய் அலையோரமாக நின்றார். "இங்கதான் மதினி."

"நெசமாவா?"

"மெசினு காட்டுச்சு."

ரஹீமா பீவி செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். காற்று அடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து வந்தவர், "வெள்ளச் சீல இங்க கெடைக்குமா தம்பி?" என்று கேட்டார். திரும்பும் வழியில் சத்வாவில் துணிக்கடை முன்னால் பாய் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

ரஹீமா பீவி கடைக்குள் போயிருந்தபோது சிவசங்கரன் ஜிபிஎஸ்ஸை அணைத்தார். அதன் அம்பு அதுவரை டீசல் கறுத்த அந்தப் பொட்டலையே காட்டிக்கொண்டிருந்தது.